பழைய ஈகோஸ்போர்ட்டில் எது தேறும்?

பழைய ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வாங்கப் போகிறவருக்குச் சந்தையில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: கையில் உள்ள பணத்துக்கு எவ்வளவு புதுசு கிடைக்குமோ அதை எடுங்கள். 2014 வேண்டாம், 2016 பரவாயில்லை, 2018 நல்லது, 2020 கிடைத்தால் விடவே விடாதீர்கள். புரோக்கர் சொல்லும் விலையும் வருடத்துக்கு வருடம் இதே வரிசையில்தான் ஏறுகிறது. பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியாக இருக்கும் இந்தக் கணக்கு, ஈகோஸ்போர்ட்டுக்குச் சரிவராது என்பது என் கட்சி. மேனுவல் கியர் பெட்ரோலை எடுத்துக்கொண்டால், 2017 நவம்பருக்குப் பின் வந்த வண்டி வசதியில் கூடுதல், நீடித்து உழைக்கும் நம்பிக்கையில் குறைவு. நீண்ட நாள் வைத்து ஓட்டப் போகிற ஒருவர் பழையதைத்தான் தேட வேண்டும்.

இந்த வண்டியின் அருமை தெரியாமல் சொல்லும் குறை அல்ல இது. 2013 ஜூனில், 5.59 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்தபோது, நாலு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவி என்பதை நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பழக்கிய வண்டிகளில் இதுவே முன்னோடி. மாருதியின் பிரெஸ்ஸா வர இன்னும் மூன்று வருடம் இருந்தது. 200 மில்லிமீட்டர் தரை இடைவெளி இருந்தும், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு சின்ன கார்போல் சொன்ன பேச்சு கேட்டுத் திரும்பும் ஸ்டியரிங், கதவைச் சாத்தும்போது வரும் கனமான ஓசை, நெடுஞ்சாலையில் அலையாத உடம்பு: இவற்றுக்கு இணையாக இந்த விலைப் பிரிவில் இன்றும் அதிகம் இல்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. ஆகவே இனி ஈகோஸ்போர்ட் என்றாலே செகண்ட் ஹேண்ட் வண்டிதான். எந்த மாதத்து வண்டி என்ற கேள்வி இதனாலேயே இவ்வளவு முக்கியமாகிறது.

மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017 நவம்பரில் முகப்பு மாறிய ஈகோஸ்போர்ட் வந்தபோது, அதுவரை இருந்த நாலு சிலிண்டர் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் நின்றது. அந்த இடத்துக்கு டிராகன் என்று ஃபோர்டு பெயரிட்ட மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் என்ஜின், 123 பிஎஸ் சக்தியோடு வந்தது. 2017 மாடல் என்று விற்கப்படும் இரண்டு பெட்ரோல் வண்டிகளுக்குள் இரண்டு வேறு என்ஜின்கள் இருக்கலாம். அக்டோபரில் தயாராகி ஷோரூமில் தேங்கி, தள்ளுபடியில் போய் 2018 ஜனவரியில் பதிவான வண்டியை விற்கிறவர் 2018 என்றுதான் சொல்வார். பதிவுத் தேதியை விட்டுவிட்டு, ஆர்சியில் இருக்கும் தயாரிப்பு மாதத்தையும் சிலிண்டர் எண்ணிக்கையையும் பாருங்கள். நாலா, மூன்றா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெரிய தொடுதிரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். முகப்பு மாறுவதற்கு முன்பே சில உயர்ரக வண்டிகளில் அது வந்துவிட்டது.

இந்த மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் நான் பெரிதாக எண்ணுவது டைமிங் பெல்ட்டை. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் கணக்குக்கு வால்வுகள் திறந்து மூட, இரண்டையும் இணைத்து ஓடும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. பழைய நாலு சிலிண்டரில் அந்தப் பட்டை என்ஜினுக்கு வெளியே, ஒரு மூடிக்குள், ஆயில் படாமல் உலர்ந்து ஓடுகிறது. கழற்றிப் பார்க்கலாம், வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிக்கூடப் பார்க்கலாம், ஓரளவு தேர்ந்த எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவார். டிராகனில் அதே வேலையைச் செய்யும் பட்டை என்ஜினுக்குள்ளேயே ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. உராய்வும் சத்தமும் குறையும், மைலேஜ் கொஞ்சம் கூடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் என்ஜின் ஆயில் என்றும் சுத்தமாக இருப்பதில்லை. எரியாத பெட்ரோல் அதில் கலக்கிறது, நாள்பட அமிலம் சேர்கிறது, தரம் தவறிய ஆயில் ஊற்றினால் அதில் உள்ள ரசாயனம் ரப்பருக்கு ஒவ்வாமல் போகிறது. பட்டை ஊறி, விளிம்பு நைந்து, துணுக்குகளாக உதிர்கிறது. உதிர்ந்தது ஆயிலோடு போய் ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னரில் அடைகிறது. பட்டை அறுவதற்கு வெகுமுன்பே ஆயில் அழுத்தம் விழுகிறது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும்போது பேரிங்குகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கலாம்.

இது கற்பனையான பயம் இல்லை என்பதற்கு ஃபோர்டின் சொந்த ஆவணமே சாட்சி. 2023 இறுதியில் அமெரிக்காவில் 1,39,730 வண்டிகளை அது திரும்ப அழைத்தது: 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ், 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட். எல்லாம் டர்போ வைத்த 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ஜின். ஆயில் பம்ப்பை ஓட்டும், ஆயிலில் நனையும் பட்டையின் டென்ஷனர் உடையலாம், பட்டையின் பற்கள் உதிரலாம், ஆயில் அழுத்தம் போய் என்ஜின் நின்று பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் குறையலாம் என்பது காரணம். அந்த அமெரிக்க ஈகோஸ்போர்ட்டுகள் நம் மறைமலைநகரில் செய்து கப்பலேறியவை. 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று வருடம் உலகின் சிறந்த என்ஜின் என்று விருது வாங்கியது இதே குடும்பத்து என்ஜின்தான். பியூஜோ, சிட்ரோயன் வண்டிகளில் வரும் பியூர்டெக் என்ஜினிலும் இதே ஈரப் பட்டை, இதே உதிர்தல். ஐரோப்பாவில் அவற்றின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் அதற்குப் பத்து வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. புதிய வடிவத்தில் செயினுக்கும் மாறிவிட்டது. ஃபோர்டும் பிற்கால 1.0 லிட்டரில் கேம் ஷாஃப்ட்டுக்குப் பட்டையை விட்டுச் செயினைப் போட்டது. வடிவமைத்தவர்களே கைவிட்டதை, மூன்றாவது கையாக வாங்குகிற நாம் ஏன் தாங்க வேண்டும்?

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. அமெரிக்க அழைப்பு 1.0 லிட்டருக்கு, டிராகனுக்கு அல்ல என்பது முதலாவது. உண்மை. நம் ஊரில் அந்த 1.0 லிட்டர் என்ஜின் வந்தது முதல் சில வருட ஈகோபூஸ்ட் வண்டிகளிலும் 2018-ல் வந்த எஸ் வகையிலும்தான். நான் சொல்வது பகுதி எண் ஒன்று என்பதல்ல, இயங்கும் முறை ஒன்று என்பது. டர்போ இல்லாத டிராகனில் ஆயில் படும் பாடு குறைவு, ஆகவே அது இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று நான் நம்புகிறேன். இரண்டாவது மறுப்பு, நம் வெயிலில் என்ஜின் சீக்கிரம் சூடேறிவிடும், பெட்ரோல் ஆயிலில் கலப்பது குளிர்நாட்டுப் பிரச்சினை என்பது. பாதி சரி. மீதியைக் கிண்டி கத்திப்பாரா நெரிசலில் பாருங்கள். காலை மாலை இரண்டு மணி நேரம் ஊர்ந்து போகிற வண்டி, மீட்டரில் இருபது கிலோமீட்டர்தான் காட்டும். ஆனால் ஆயில் உழைத்தது இரண்டு மணி நேரம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னாலும், அந்த ஆயில் எத்தனை மணி நேரம் வெந்தது என்பதை மீட்டர் சொல்லாது. பட்டை பத்து வருடத்துக்கு மேல் வரும் என்பது மூன்றாவது. 2018-ல் வாங்கிய முதல் உரிமையாளருக்கு அது நல்ல செய்தி. 2027-க்குள் வாங்கப் போகும் உங்கள் கையில்தான் அந்தப் பத்து வருடம் முடிகிறது. என்ஜினின் முன்மூடியைத் திறந்து, டைமிங்கைப் பூட்டும் தனிக் கருவிகளோடு செய்ய வேண்டிய வேலை அந்தப் பட்டையை மாற்றுவது.

வருடத்தைவிட வண்டியை எப்படிப் பராமரித்தார்கள் என்பதே முக்கியம் என்று சொல்வார்கள். ஈரப் பட்டை விஷயத்தில் இதை ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தில் போட்டிருக்கும் தரக்குறியீடு கொண்ட ஆயிலை, காலம் தவறாமல், ஐயாயிரம் ஏழாயிரத்துக்கே மாற்றியதற்குப் பில் இருந்தால் ஒரு டிராகன் வண்டியை நான் எடுப்பேன். ஆனால் பராமரிப்பால் தீராத வடிவமைப்புக் குறை என்று ஒன்று உண்டு. அதுவும் இதே ஈகோஸ்போர்ட்டில்தான் இருக்கிறது: 2013 முதல் 2017 வரை பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் வந்த பவர்ஷிஃப்ட் என்ற உலர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நெரிசலில் நடுங்கும், சூடேறும், சமயத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டியே செயலிழக்கும். ஆஸ்திரேலியாவில் ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் மூன்றிலும் இந்த கியர்பாக்ஸ் பற்றி வந்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, 2018 ஏப்ரலில் அங்குள்ள கூட்டரசு நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எவ்வளவு பக்குவமாக ஓட்டியவர் விற்றாலும் இந்த வகையைத் தொடாதீர்கள். நவம்பர் மாற்றத்தில் இந்த கியர்பாக்ஸும் போய், நம்பகமான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்தது. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான். நல்ல நாலு சிலிண்டர் என்ஜினும் நல்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் நம் நாட்டு ஈகோஸ்போர்ட் ஒன்றில்கூடச் சேர்ந்து வரவில்லை. ஒன்று வந்த அன்றே மற்றது போய்விட்டது.

திரும்ப அழைக்கப்பட்ட வண்டி என்றால் சிலர் மிரள்கிறார்கள். நான் அதை நல்லதாகவே எடுத்துக்கொள்வேன். முதல் வருடத்துச் சில வண்டிகளின் எரிபொருள் குழாய்கள், 2017 நவம்பர் முதல் 2018 மார்ச் வரை தயாரான பெட்ரோல் வண்டிகளின் என்ஜின் மென்பொருள் என்று ஃபோர்டு இங்கே அழைத்துச் சரிசெய்தவை வெளியே தெரிந்த, இலவசமாகத் தீர்ந்த குறைகள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் தெரிந்துகொள்ளலாம். எந்த வருடத்து வண்டிக்கும் மாறாத ஒன்று, பக்கவாட்டில் திறக்கும் அந்தப் பின்கதவு. ஸ்டெப்னி மாட்டிய கதவில் அதன் முழு எடையையும் கீல்கள்தான் தாங்குகின்றன. பிரேசில் சாலைக்கென்று வடிவமைத்ததால், நம் ஊரில் ஓரமாக நிறுத்தினால் நடைபாதைப் பக்கத்தையே அது மறைக்கும். பின்னால் இன்னொரு கார் ஒட்டி நின்றால் பையை எடுக்கவே முடியாது. எட்டு வருடம் ஓடிய வண்டியில் இந்தக் கதவைப் பாதி திறந்து தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விலையில் பிடியுங்கள்.

அப்படியானால் எதை எடுப்பது? 2015 அக்டோபரில் 100 பிஎஸ்ஸுக்கு உயர்ந்த 1.5 லிட்டர் டீசல் மேனுவல், பிஎஸ்4 மாசு விதிக் காலம் முடியும் வரை எந்த மாதமானாலும், என் முதல் தேர்வு. அதன் பட்டை உலர் பட்டை, கியர்பாக்ஸில் தகராறு இல்லை, முகப்பு மாறிய பிறகும் என்ஜின் மாறவில்லை. டெல்லிப் பதிவு டீசல் மலிவாக வருகிறதே என்று ஆசைப்படுவதற்கு முன், அங்கே பத்து வருட டீசல் மேல் இருந்துவந்த கெடுபிடியால்தான் அந்த விலை என்பதையும், பெயர் மாற்றி வரி கட்டும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். 2020 முதல் வந்த பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் ஓடாத வண்டியாக இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு 2016, 2017-ன் நாலு சிலிண்டர் பெட்ரோல் மேனுவல். பட்டை மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், அதிலும் ஈகோஸ்போர்ட்தான் வேண்டும் என்றால், 2017 நவம்பருக்குப் பிந்தைய டார்க் கன்வெர்ட்டர் வண்டி ஒன்றே வழி. சிலிண்டர் தலை மூடியின் அடியில் ஆயில் கசடு படிந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி, பட்டை மாற்றும் முழுச் செலவையும் கேட்கும் விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள். ஆயில் மாற்றிய பில்கள் இல்லை, ஆனால் வண்டி பிரமாதம் என்று சொன்னால், அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.