மின்னல் கடந்து சென்ற வழி

கதை சொல்பவரின் கைவசம் உள்ள உத்திகள் எண்ணிக்கையில் மிகச் சிலவே. நாடு கடத்தப்பட்ட இளவரசன், தாயை இழந்த சிறுமி, நெடும்பயணம், குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டிய பணி, பகைவனின் மனமாற்றம், இறுதிப் போர் ஆகியவற்றை நீக்கிவிட்டால் பாட்டிமார் கதைகளிலும் பெருங்காப்பியங்களிலும் எஞ்சுவது கொஞ்சமே. எனவே, ஒரு படைப்பில் பழகிய உத்திகள் மலிந்துள்ளன என்று குறை கூறிவிட்டு நகர்வது திறனாய்வு ஆகாது. அவ்வுத்தி கதைமாந்தரிடம் ஏதேனும் விலை கேட்கிறதா, அன்றி விலையின்றியே அவரைத் தப்பவிடுகிறதா என்பதே நாம் கேட்கத்தக்க வினா.

சிறுவர்க்கென ஆக்கப்படும் அசைவூட்டத் தொடர்களிடம் நாம் இவ்வினாவை எழுப்புவதே இல்லை. பிள்ளைகள் பார்க்கட்டும் என்று தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கிவிட்டு நம் அலுவலைக் கவனிக்கச் சென்றுவிடுகிறோம். அவ்வாறு நாம் பார்க்காமல் விட்டவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சி 2005 பிப்ரவரி முதல் 2008 ஜூலை வரை ஒளிபரப்பிய ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்னும் தொடர். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரயன் கொனியெட்ஸ்கோ என்னும் இருவர் உருவாக்கியது. நீர், மண், நெருப்பு என மூன்று ‘நூல்’களாகப் பகுக்கப்பட்டு 61 பகுதிகளில் முடிந்தது. ‘அவதார்’ என்னும் சொல் நம் நாட்டிலிருந்து சென்றதே. எனினும் ஈண்டு அது இறங்கி வந்த தெய்வத்தைக் குறிப்பதில்லை. நால்வகைப் பூதங்களையும் ஆளும் ஆற்றலோடு நான்கு மக்களினங்களிலும் மாறி மாறிப் பிறக்கும் ஒரு மனிதனைக் குறிக்கிறது.

கதை எளியது. நெருப்பு நாட்டின் வேந்தன் உலகை வெல்லப் புறப்பட்டுக் காற்றுத் துறவியர் அனைவரையும் கொன்றொழிக்கிறான். அவர்களுள் ஒருவனாகிய ஆங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், அவனே அவதார், அதற்குச் சற்று முன்னர் மடத்தைவிட்டு ஓடிப்போய்ப் பனிப்பாறைக்குள் 100 ஆண்டுகள் உறைந்து கிடக்கிறான். தென்துருவ நீர்க்குடியைச் சேர்ந்த கட்டாராவும் அவள் அண்ணன் சோக்காவும் அவனைக் கண்டெடுக்கின்றனர். நெருப்பு நாட்டிலிருந்து விரட்டப்பட்ட இளவரசன் சூக்கோ, அவதாரைச் சிறைபிடித்துச் சென்றால்தான் வீடு திரும்ப முடியும் என்பதால் அவனைத் துரத்துகிறான். அவனோடு உடன் செல்பவர் முதியவர் ஐரோ.

ஆங்கிலத்தில் ஐரோவைச் சூக்கோ அழைப்பது ‘அங்கிள்’ என்று. நாம் தமிழில் சொல்வதானால் தயங்க வேண்டியதில்லை. அவர் நெருப்பு வேந்தன் ஓசாய்க்கு மூத்தவர். ஆகவே சூக்கோவுக்குப் பெரியப்பா. ஆங்கிலச் சொல் மறைத்துவிடும் உறவைத் தமிழ்ச் சொல் முதலிலேயே காட்டிக் கொடுத்துவிடுகிறது. (ஆங் ஏறிப் பறக்கும் ஆறுகால் காட்டெருமைக்கும் அப்பா என்றே பெயர். நம் பிள்ளைகள் இதற்குச் சிரிக்காமல் இருப்பது அரிது.)

கோடை முடிவதற்குள் ஒரு வால்வெள்ளி திரும்பி வரும். அது வந்தால் நெருப்பை ஆள்வோரின் வலிமை பன்மடங்கு பெருகும். அதற்குள் ஆங் நான்கு பூதங்களையும் பயின்று முடிக்க வேண்டும். இந்தக் கெடு முதல் நூலின் எட்டாம் பகுதியில் விதிக்கப்படுகிறது. கெடு என்பது பார்வையாளரைக் கட்டிப்போடும் பழைய கயிறு. ஆயினும் தொடரின் ஆசிரியர்கள் தம் வசதிக்கேற்ப அதை இறுக்கவும் தளர்த்தவும் செய்கின்றனர் என்பதை மறைப்பதற்கில்லை. பள்ளத்தாக்கைக் கடக்கும் இரு குலத்தாரின் சண்டையைத் தீர்க்கும் ஒரு பகுதி முதல் நூலில் உண்டு. அதை நீக்கினால் கதைக்கு இழப்பே இல்லை. ஆசிரியர்களும் இதனை அறிந்தே இருந்தனர் போலும். மூன்றாம் நூலில் இச்சிறுவர்களின் கதையை ஒரு நாடகக் குழு மேடையேற்ற, அவர்களே மறைவாக அமர்ந்து பார்க்கும் பகுதியொன்று வருகிறது. அம்மேடையில் அப்பள்ளத்தாக்கு ஒரே வரியில் தாண்டப்பட்டுவிடுகிறது. ஊர்தோறும் வண்டி கவிழ்ந்து முட்டைக்கோசுகளை இழந்து அலறும் வணிகரைப் பற்றியும் இங்கே நீட்டிப் பேச வேண்டியதில்லை. சிறுவர்க்கு அவர் வரவேண்டும், வருகிறார்.

உத்தி உயிர்பெறும் இடம் முதல் நூலின் 12ஆம் பகுதி. புயலுக்கு ஒதுங்கிய குகையில் ஆங் தான் மடத்தைவிட்டு ஓடிய காரணத்தைக் கட்டாராவிடம் சொல்கிறான். அதே இரவில், கப்பலில், இளவரசனின் கடுமொழியால் வெகுண்டிருக்கும் மாலுமிகளிடம் ஐரோ அவன் முகத்து வடுவின் வரலாற்றைச் சொல்கிறார். பதின்மூன்று வயதில் போர்மன்றத்தில் அமர்ந்திருந்த சூக்கோ, புதிதாகச் சேர்ந்த வீரர்களைப் பலிகொடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பேசினான். அதற்குத் தண்டனையாக நெருப்புப் போருக்கு அழைக்கப்பட்டான். எதிரே வந்து நின்றவன் தந்தையே. மகன் மண்டியிட்டுப் போரிட மறுத்தான். தந்தை அவன் முகத்தைச் சுட்டு நாடு கடத்தினான். துரத்துபவனும் துரத்தப்படுபவனும் ஒரே வகையில் வீட்டை இழந்தவர்கள் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரு நினைவுகளும் மாறி மாறி வருவதிலேயே அது விளங்கிவிடுகிறது. பகுதியின் முடிவில் அவதார் தன் கண்முன்னே பறந்து தப்புவதைப் பார்த்தும், கப்பலைக் காப்பதே முதல் வேலை என்று சூக்கோ அவனைப் போகவிடுகிறான். அவன் மாறியதற்கான முதற் சான்று, மன்றத்தில் எந்த எளிய வீரர்க்காகப் பேசினானோ அவர்களைப் போன்றவர்க்காகவே அமைந்தது மிகப் பொருத்தம்.

புதுச்சேரி ஆட்சிப் பகுதியான மாகேயில் 1970ஆம் ஆண்டு பிறந்த மனோஜ் நைட் சியாமளன், 2010இல் முதல் நூலை நடிகர்களைக் கொண்டு திரைப்படமாக்கினார். இருபது பகுதிகள் ஏறத்தாழ நூறு நிமிடங்களுக்குள் அடைக்கப்பட்டன. வடுவின் வரலாற்றை அப்படத்தில் ஓர் உணவு விடுதியில் ஒரு சிறுவன் சில வரிகளில் ஒப்பித்துவிடுகிறான். செய்தி நமக்குக் கிடைத்துவிடுகிறது. ஆங்கின் நினைவோடு பின்னிக் கிடந்த இழை மட்டும் அறுந்துபோகிறது.

இரண்டாம் நூலில் கையாளப்படும் உத்தி, பகைவனின் மனமாற்றம். இதில்தான் பெரும்பாலான கதைகள் மலிவாகிவிடுகின்றன. தீயவன் ஒரு நற்செயல் புரிவான், கண்ணீர் விடுவான், அடுத்த காட்சியில் நல்லவர்களோடு நிற்பான். இத்தொடரும் அந்தப் பாதையில்தான் நம்மை அழைத்துச் செல்கிறது. பா சிங் சே நகரில் அகதியாய் ஒளிந்து வாழும் சூக்கோ, ஏரிக்கடியில் சிறைப்பட்டிருந்த காட்டெருமையை விடுவிக்கிறான். உடனே காய்ச்சலில் விழுகிறான். கனவில் தன் முகத்தில் வடு நீங்கி ஆங்கின் முகம் தோன்றக் காண்கிறான். நலம் பெற்று எழுந்து பெரியப்பாவின் தேநீர்க் கடையில் முகமலர்ச்சியோடு பணிபுரிகிறான். பாதாளக் குகையில் கட்டாரா அவன் வடுவைத் தொட்டு, தன்னிடமுள்ள புனித நீரால் அதைக் குணப்படுத்தவும் முன்வருகிறாள். இனி என்ன வேண்டும்? மனமாற்றத்தின் அடையாளங்கள் அனைத்தும் வரிசையாக வந்துவிட்டன. அந்நேரத்தில் தங்கை அசூலா வந்து, தந்தையின் அன்பு திரும்பக் கிடைக்கும் என்கிறாள். சூக்கோ அவள் பக்கம் சாய்கிறான். ஆங் மின்னலால் வீழ்த்தப்படுகிறான், ஐரோ சிறைப்படுகிறார், வடுவுக்கென ஈய முன்வந்த நீர், உயிர் பிரியும் ஆங்குக்குச் செலவாகிறது.

சிறுவர் தொடர் ஒன்றில் இதைச் செய்யத் துணிந்தமையை வியந்து போற்ற வேண்டும். காய்ச்சலும் கனவும் மனிதனை மாற்றிவிடா என்பதை ஆசிரியர்கள் அறிந்திருந்தனர். விரும்பியதெல்லாம் கைக்கு வந்தபின், அரண்மனையில் தந்தையின் அருகே அமர்ந்து, அது தனக்கு வேண்டியதன்று என்று சூக்கோ கண்டுகொள்ள மூன்றாம் நூலின் பாதி தேவைப்படுகிறது.

அவன் ஆங்கின் குழுவினரிடம் மன்னிப்புக் கேட்க வரும் பகுதி நகைச்சுவையாகத் தொடங்குகிறது. காட்டில் ஒரு தவளையை முன்னிறுத்தி, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். உண்மையில் பேசும்போது எல்லாம் குளறுகிறது. அவர்கள் அவனை விரட்டுகின்றனர். பின்னர் ஐரோவின் கூடாரத்துக்கு அவன் செல்லும் காட்சியை இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முதியவர் உறங்குகிறார். அவன் விடியும்வரை காத்திருக்கிறான். எழுந்தவர் முகம் கொடுக்காமல் அமர்ந்திருக்க, அவன் அழுதுகொண்டே சொல்லத் தொடங்குகிறான். முடிப்பதற்குள் அவர் அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வீடு திரும்பும் இளைய மகனும் சொற்களை முன்னமே ஒழுங்குசெய்துகொண்டு வருகிறான்; தந்தை அவற்றை முழுமையாகச் சொல்லவிடுவதில்லை. போரில் மகனைப் பறிகொடுத்த ஐரோ, அவன் பிறந்த நாளன்று குன்றின்மேல் ஒரு மரத்தடியில் தனியே அமர்ந்து பாடி அழுவதை நாம் இரண்டாம் நூலிலேயே பார்த்திருக்கிறோம். ஐரோவுக்குக் குரல் கொடுத்த நடிகர் மாக்கோ 2006 ஜூலையில் காலமானார். அப்பகுதி அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

எல்லா மன்னிப்பும் இவ்வாறு வந்துவிடுவதில்லை என்பதையும் தொடர் மறக்கவில்லை. தன் தாயைக் கொன்ற படைத்தலைவனைத் தேடிக் கட்டாரா செல்கிறாள். அவன் இப்போது முதுமை எய்தி, தன் தாயின் ஏச்சைக் கேட்டுச் சந்தைக்குச் சென்றுவரும் ஓர் அற்பன். பெய்யும் மழையை அந்தரத்தில் நிறுத்தி, பனிக்கூர்களாக்கி அவன்மீது ஏவுகிறாள். தொடும் தூரத்தில் நிறுத்துகிறாள். கொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை. இரண்டையும் அவளே வெளிப்படையாகச் சொல்கிறாள். அன்று அவள் மன்னிப்பது சூக்கோவை மட்டுமே. பழிவாங்கும் பயணம் என்னும் உத்தி இவ்வளவு நேர்மையாக முடிந்தது சிறுவர் தொடர்களில் மிக அரிது.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் முடிவுக்கு வரும்போது தடுமாறுகின்றனர். வேந்தன் ஓசாயைக் கொன்றே ஆகவேண்டும் என எல்லாரும் ஆங்கை வற்புறுத்துகின்றனர். முற்பிறவி அவதார்கள் நால்வரிடமும் அவன் அறிவுரை கேட்கிறான். அவர்களும் அவ்வழியையே சுட்டுகின்றனர். அவர்களுள் ஒருத்தி அவனைப் போன்றே காற்றுத் துறவியர் குலத்தில் பிறந்தவள். எவ்வுயிரையும் கொல்லலாகாது என்று பயின்ற சிறுவனுக்கு இதனினும் கடிய சோதனை இல்லை. அந்நேரத்தில் கடலில் மிதக்கும் தீவொன்று சிங்க ஆமை என்னும் பெருவிலங்காகிறது. அவனை நகத்தால் தொட்டு, பகைவனின் ஆற்றலை மட்டும் பறிக்கும் வித்தையை அருளிவிடுகிறது. அவ்விலங்கின் படத்தை இரண்டாம் நூலின் பாலைவன நூலகத்தில் ஆங் ஒரு கணம் பார்க்கிறான் என்பது உண்மையே. ஆனால் படத்தைக் காட்டுவது வேறு, கதைக்குள் வேரூன்றச் செய்வது வேறு. போரின் நடுவே பாறை முனையொன்று அவன் முதுகில் சரியான இடத்தில் குத்தி, இழந்த ஆற்றலை மீட்டுத் தருவதும் இவ்வகையே. விலை கொடுக்காமல் வாங்கிய தீர்வு என்று குறை கூறுவோர்க்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

ஆயினும் அதே போரில், ஆமையின் உதவி சற்றும் தேவைப்படாத ஒரு கணம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. அதற்கு முன்கதை உண்டு. பகைக் குலத்தவரான நீரை ஆள்வோரைக் கூர்ந்து பார்த்து, தம்மீது எறியப்படும் மின்னலை உடலுக்குள் வாங்கி வெளியே திருப்பும் முறையை ஐரோ கண்டுபிடித்தார். விரல் வழியே உள்ளே வரும் மின்னல் இதயத்தைத் தொடாமல் வயிற்று வழியே செல்ல வேண்டும் என இரண்டாம் நூலில் சூக்கோவுக்குக் கற்பிக்கிறார். கிரகணம் முடிந்த நொடியில் ஓசாய் மகன்மீதே மின்னலை எறிய, சூக்கோ அதைத் தந்தையை நோக்கித் திருப்பிவிட்டுத் தப்புகிறான். பின்னர் அதே முறையை ஆங்குக்கு அவன் கற்றுக்கொடுக்கிறான்; கொடுக்கும்போதே, வேந்தனின் உயிரை நீ எடுத்தாக வேண்டும் என்றும் சொல்கிறான். இறுதிப் போரில் ஓசாய் எறிந்த மின்னலை ஆங் உள்வாங்குகிறான். எதிரே ஓசாய் தப்ப வழியின்றி நிற்கிறான். கையை நீட்டினால் போர் முடிந்துவிடும். ஆங் கையை வானுக்குத் திருப்புகிறான்.

அதன்பின் அவன் அடிமேல் அடி வாங்குகிறான். பாறைக்குள் ஒடுங்கி ஒளிய நேர்கிறது. தன் முடிவுக்கு அவன் கொடுத்த விலை அதுதான். பகைக் குலத்திடம் ஐரோ கற்று, சூக்கோவின் கைக்கு வந்து, ஆங்கிடம் சேர்ந்த வித்தை, எவரைக் கொல்லக் கற்பிக்கப்பட்டதோ அவரை வாழவிடப் பயன்பட்டது. இதற்கான ஏற்பாடு இரண்டு நூல்களாக நம் கண்முன்னே நடந்தது. ஆசிரியர்கள் இக்கணத்தை நம்பியிருந்தால் ஆமையை அழைத்திருக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் வேந்தனாகிவிட்ட சூக்கோ சிறைக்குச் செல்கிறான். ஆற்றலிழந்த ஓசாய் கம்பிகளுக்குப் பின்னே தரையில் கிடக்கிறான். சிறுவயதில் ஓர் இரவில் காணாமற்போன தன் தாய் எங்கே என்று சூக்கோ கேட்கிறான். அதை அறிந்த மனிதன் உயிரோடிருப்பதால்தான் அக்கேள்விக்கு இடமே உண்டு. தொடர் அங்கே காட்சியை வெட்டிவிடுகிறது. விடை 2013இல் வெளிவந்த படக்கதை நூலில்தான் கிடைத்தது.