உழுத வண்டியா, இழுத்த வண்டியா?

முடிச்சூர் சாலையோரம் ஒரு பட்டறை வாசலில் நின்றிருந்தது அந்த டிராக்டர். பளபளவென்று புதுப் பெயின்ட், சீட்டுக்குப் புது உறை, முன்னால் எலுமிச்சை மிளகாய். மச்சானுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மணிமங்கலம் பக்கம் அவருக்கு நாலு ஏக்கர் கழனி. சம்பா, நவரை என்று இரண்டு போகம் வைக்கிறார். அக்கம்பக்கத்தில் இன்னும் பத்து ஏக்கருக்கு வாடகை உழவு கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதற்குப் புது வண்டி எதற்கு, பழசே போதும் என்று கிளம்பியிருந்தோம்.

கூட வந்த மெக்கானிக் பெயின்டைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்து, ட்ரெய்லர் மாட்டும் கொக்கியின் ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுழற்றினார். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. “இது உழுத வண்டி இல்லீங்க, இழுத்த வண்டி” என்றார்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பழைய டிராக்டர் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உழுததா இழுத்ததா என்பதுதான். எந்த வருஷத்து மாடல், எத்தனை கை மாறியது என்பதெல்லாம் அப்புறம். மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் பகுதிகளில் அடுக்குமாடிகள் முளைத்த பிறகு, இங்கே ஏராளமான டிராக்டர்கள் கலப்பையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் டேங்கரை மாட்டிக்கொண்டன. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டபோது விவசாயக் கிணற்றுத் தண்ணீருக்கு இருந்த கிராக்கியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். டேங்கரின் எடை தனி. அதை இழுத்துக்கொண்டு சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பிய வண்டியில் கிளட்ச்சும் பிரேக்கும் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செங்கல், ஜல்லி, கட்டட இடிபாடு ஏற்றியவற்றின் கதையும் இதேதான். நாங்கள் பார்த்த வண்டியின் கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு தயாரித்தவர்மேல் இல்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ரோட்டிலேயே ஓடிய வண்டியின் பின் டயரில் பட்டைகள் நடுவில் மொழுக்கென்று தேய்ந்திருக்கும். டாப் கியரில் போகும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும். ஆனால் கலப்பை மாட்டும் கைகளின் குண்டு மூட்டுகளும், ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் பற்களும் கல்யாணப் பெண் மாதிரி புதுசாகவே இருக்கும். விற்பவர் அதைக் காட்டித்தான் “பாருங்க, வண்டி எவ்ளோ கம்மியா ஓடியிருக்கு” என்பார்.

அதற்காக உழுத வண்டி எல்லாம் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. புழுதி உழவு மட்டும் ஓட்டிய வண்டி பெரும்பாலும் நல்ல வண்டி. கேஜ் வீல் மாட்டி, சேற்றில் அச்சு முழுக முழுகச் சேடை ஓட்டிய வண்டியை நான் டேங்கர் வண்டியைவிட அதிகச் சந்தேகத்தோடு பார்ப்பேன். பின் அச்சின் ஆயில் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். ரிம்மின் உட்புறம் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தால் அது சேடையிலேயே கிடந்த வண்டி.

முடிச்சூர் வண்டியை விட்டுவிட்டோம். அடுத்த ஞாயிறு படப்பை தாண்டி ஒரு கொல்லையில் பார்த்தது மாஸி பெர்குசன் 1035 டி.ஐ. பெயின்ட் வெளிறி, பானெட்டின் ஒரு பக்கம் நசுங்கி, மச்சான் முகம் சுளிக்கும் தோற்றம். இந்த மாடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1960இல் தொடங்கிய டாஃபே, மாஸி பெர்குசனோடு கைகோத்துச் சென்னை செம்பியத்தில் டிராக்டர் செய்யத் தொடங்கியது. இந்த மாடல் அந்த வழியில் வந்தது. 36 குதிரைத்திறன், சிம்ப்சனின் மூன்று சிலிண்டர் இன்ஜின், பழைய வண்டிகளில் முன்னே ஆறு கியர், பின்னே இரண்டு. மஹிந்திரா 275ம் ஸ்வராஜ் 735ம் இதைவிடச் சற்றே அதிகத் திறன் கொண்டவை, கெட்ட வண்டிகளும் அல்ல. ஆனால் மாஸியைத் தெரியாத மெக்கானிக் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்க மாட்டார். புது பாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் மத்தியானம் பாகத்தோடு திரும்பிவிடலாம். பழைய வண்டி வாங்குகிறவருக்கு மூன்று குதிரைத்திறனைவிட இது பெரிய லாபம்.

போனதும் மெக்கானிக் சொன்னது: “சாவியை அப்புறம் போடலாம். முதல்ல இன்ஜின் மேல கையை வைங்க.” சில்லென்று இருந்தது. நல்ல சகுனம். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், காலைக் குளிரில் எடுக்காத வண்டியை மறைக்கிறார்கள். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. குப்பென்று கரும்புகை, பிறகு தெளிவு. நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் வேலை காத்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தார். லேசான மூச்சு மட்டும் வந்தது. புஸ் புஸ் என்று புகை தள்ளினால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

மாஸியில் கியர் எண்ணெயும் லிஃப்ட்டின் எண்ணெயும் ஒரே தொட்டி. அளவுகோலை உருவிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இங்கே கறுத்திருந்தது, ஆனால் கலங்கவில்லை. இன்னொரு விஷயம், பி.டி.ஓ. நெம்புகோலைப் போட்டால்தான் பழைய மாஸியில் லிஃப்ட் பம்ப் ஓடும். இது தெரியாமல் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று பேரம் பேசி அசடு வழிந்தவர்களும் உண்டு. கிளட்ச் ஒற்றையா இரட்டையா என்றும் பார்க்க வேண்டும். இரட்டை என்றால் பாதி மிதித்ததும் வண்டி நிற்கும், ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுசாக மிதித்தால்தான் அதுவும் நிற்கும். இந்த வண்டியில் இரட்டை கிளட்ச். ரோட்டவேட்டர் போடப்போகிற மச்சானுக்கு இது முக்கியம். ஆனால் 36 குதிரைத்திறனுக்கு ஐந்தடி ரோட்டவேட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

லிஃப்ட் சோதனை வேடிக்கையாக இருந்தது. ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி, முழுசாகத் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டார் மெக்கானிக். கொழுமுனையிலிருந்து தரை வரை ஒரு குச்சியை நிறுத்தி அளவு ஒடித்து வைத்தார். “வாங்க, டீ சாப்பிட்டு வரலாம்.” இருபது நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் இரண்டு விரல் இறங்கியிருந்தது. இந்த வயசு வண்டிக்கு அது மன்னிக்கத்தக்கது. டீ குடித்து வருவதற்குள் கலப்பை மண்ணில் படுத்துவிட்டால் லிஃப்ட்டைப் பிரித்தாக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டியபோது ‘கடக் கடக்’ என்றது, கிங் பின் புஷ் போய்விட்டது. ஸ்டியரிங்கில் கால் சுற்று வெறுமனே ஓடுகிறது. 12.4-28 பின் டயர் இரண்டும் இன்னும் ஒரு போகம் தாங்கும், அவ்வளவுதான். இவற்றைக் காகிதத்தில் எழுதி விற்பவரிடம் நீட்டினோம். கூடவே 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததையும் நினைவூட்டினோம். புதுசு விலை இறங்கும்போது பழசு மட்டும் ஏறி உட்கார முடியாது. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று ஆரம்பித்தவர் ஒன்று எழுபத்தைந்துக்கு வந்தார்.

சொந்தக் கழனிக்கு மட்டும்தான் என்றால் நான் இந்த வண்டியைக்கூட வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். வேளாண் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்குத் தருகிறது, இ-வாடகை செயலியிலேயே கேட்கலாம். வாடகை உழவுப் பத்து ஏக்கர் இருப்பதால்தான் மச்சானுக்குக் கட்டுப்படியாகிறது.

கடைசியில் ஆர்.சி. 15 வருஷம் தாண்டிய வண்டி, புதுப்பித்திருந்தார்கள். இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் சரியாக இருந்தன. ஆனால் எப்போதோ கட்டி முடித்த கடனுக்கான வங்கி அடமானக் குறிப்பு அப்படியே நின்றது. “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, லோன் முடிஞ்சு எவ்ளோ வருஷம் ஆச்சு” என்றார் விற்பவர். முடிந்திருக்கலாம். வங்கி தடையில்லாச் சான்று தந்து, படிவம் 35ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துக் குறிப்பை நீக்கும்வரை படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்கிப் பயனில்லை, பெயர் மாறாது.

மச்சான் பத்தாயிரம் முன்பணம் கொடுத்தார். மீதி, குறிப்பு நீங்கிய ஆர்.சி.யைக் கண்ணில் பார்த்த பிறகு. மெக்கானிக் அந்த ஒடித்த குச்சியைக் கையிலேயே வைத்திருந்தார். வண்டி எடுக்கிற அன்றைக்கும் ஒரு டீ குடிக்க வேண்டும் என்றார்.