‘ஹேலோ: ரீச்’ ஆட்டத்தில் அவலச் சுவை

கதையின் முடிவு முன்னரே தெரிந்துவிட்டால் சுவை குன்றிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழுதும் பொருந்துவதன்று. பண்டைக் கிரேக்க அரங்கிற்குச் சென்றோர் ஈடிபஸ் மன்னனுக்கு நேரவிருப்பது யாதெனத் தெரிந்தே சென்றனர். தெரிந்தமையாலேயே அவன் கூறும் ஒவ்வொரு சொல்லும் அவர்தம் உள்ளத்தை உறுத்திற்று. ஆயினும் அவர்கள் காண்போர் மட்டுமே. காண்போரையே களத்தில் இறக்கி, அவர் கையில் படைக்கலத்தையும் கொடுத்து, ‘இக்களம் தோற்கப் போகின்றது’ என்று முதற்காட்சியிலேயே அறிவித்துவிட்டால் அவ்வவலம் மிகுமா, குறையுமா? இவ்வினாவை எழுப்பும் படைப்பொன்றை அண்மையில் ஆடி முடித்தோம். அதன்கண் யாம் கண்டவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

‘ஹேலோ: ரீச்’ என்னும் அவ்வறிவியற் புனைகதைச் சுடுவிளையாட்டு, பங்கி நிறுவனத்தாரால் ஆக்கப்பெற்று, 2010 செப்டம்பர் 14 ஆம் நாள் எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் கருவிக்கென மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. கணிப்பொறி வடிவம் 2019 டிசம்பரில் வந்தது. யாம் ஆடியது அதுவே. தனி ஒருவராய் ஆடும் கதைப்பகுதியை மட்டுமே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம். பலர் கூடி ஒருவரையொருவர் வீழ்த்தி மகிழும் பகுதி வேறோர் இனத்தைச் சார்ந்தது. அதுபற்றிக் கூற எமக்குத் தகுதியும் இல்லை. நான்கு கடுமைப் படிகளுள் மூன்றாவதில் தொடங்குமாறு எம் மாணவர் ஒருவர் பரிந்துரைத்தார். ஒரு மாலைப்பொழுது முழுதும் ஒரே முற்றத்தில் மடிந்து மடிந்து எழுந்தபின், நாணத்தோடு இரண்டாம் படிக்கு இறங்கினோம். சுடுவிளையாட்டிற்கு ஆய்விதழில் இடம் உண்டோ எனப் புருவம் உயர்த்துவோர்க்கு ஒன்றே கூறுவோம்: அவலம் எங்குத் தோன்றினும், அது தோன்றும் வகையை ஆராய்தல் திறனாய்வாளன் கடனாகும்.

கதை நிகழும் ஆண்டு 2552. ரீச் என்பது மாந்தர் குடியேறி வாழும் ஒரு கோள். அவர்தம் படைக்குப் பெருநிலைக்களன். கோவனன்ட் எனப்படும் வேற்றுலக இனங்களின் கூட்டணி அதன்மேல் படையெடுத்து வந்து அதனை அழிக்கின்றது. இவ்வழிவு புதிய செய்தியன்று. எரிக் நைலண்ட் எழுதி 2001 இல் வெளிவந்த நாவல் ஒன்றன் பெயரே ரீச்சின் வீழ்ச்சி என்னும் பொருளது. அவ்வாண்டிலேயே வெளிவந்த முதல் ஹேலோ ஆட்டமும், ரீச்சிலிருந்து தப்பிவந்த கப்பலொன்றிலேயே தொடங்குகின்றது. இவற்றை அறியாதார் பொருட்டு, துளைபட்ட தலைக்கவசம் ஒன்று எரிந்த நிலத்தில் கிடக்கும் காட்சியை முதலிலேயே வைத்தனர் ஆசிரியர். நாவல் கூறும் நிகழ்ச்சிமுறைக்கும் ஆட்டம் கூறும் முறைக்கும் முரண்பாடு உண்டென்று நாவலைக் கற்றோர் சினப்பர். அம்முரண் உண்மையே, எம் ஆய்வுக்கு அஃது ஒரு தடையன்று.

நோபிள் என்னும் பெயருடைய சிறுபடையில் வீரர் அறுவர். ஸ்பார்ட்டன் எனப்படும் வலிமிகு வீரர் வகையினர் அவர். ஆடுவோர் ஏற்பது ஆறாமவர் நிலை; அந்நிலையும் முன்பு இறந்துபட்ட ஒருவர்க்கு மாற்றாகக் கிடைத்ததே. ஒருவர் சாவினால் ஒழிந்த இடத்தில் வந்து நிற்பவர்க்கு அவ்விடம் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பது தொடக்கத்திலேயே குறிப்பாய் உணர்த்தப்பெற்றுவிடுகின்றது. ஆறாமவர் ஆணா பெண்ணா என்பதையும் அவர்தம் கவசத்தின் நிறத்தையும் உறுப்புகளையும் ஆடுவோரே தேர்ந்து கொள்ளலாம். ஆட்டத்தில் ஈட்டிய புள்ளிகளைக் கொடுத்துப் புதிய தலைக்கவசங்களை வாங்கலாம். உடைபடப் போகும் கவசம் என்று தெரிந்தும் புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்து வாங்கினோம் யாமும். மார்ட்டின் ஓடனல், மைக்கேல் சால்வட்டோரி இருவரும் அமைத்த இசையும், தோல்வியை நோக்கி நடக்கும் கதைக்கு ஏற்ற அடங்கிய துயரத்தை உடையது.

இனி அறுவருள் ஐவரின் முடிவை நோக்குவோம். ஜூன் என்பவர் ஹால்சி என்னும் அறிவியல் அறிஞரைக் காத்து அழைத்துச் செல்லும் பொறுப்பேற்றுக் களத்தினின்றும் நீங்குகின்றார். ஏனைய நால்வரும் ஒருவர்பின் ஒருவராய் மடிகின்றனர். அவற்றுள் ஜார்ஜ் இறக்கும் காட்சியே சிறந்தது. பகைவரின் பெருங்கப்பலை அழிக்கக் கொண்டுசென்ற வெடிகலம் பழுதுற்றுவிட, அதனைக் கையாலேயே இயக்க வேண்டிய நிலை நேர்கின்றது. ஆறாமவரைக் கப்பலினின்றும் வெளியே எறிந்துவிட்டு ஜார்ஜ் தங்கிவிடுகின்றார். பெருங்கப்பல் அழிகின்றது. ஆனால் மறுகணமே வானில் ஒரு கப்பற்படையே வந்து தோன்றுகின்றது. கோளைக் காத்துவிட்டோம் என்று நம்பி இறந்தவர்க்கு அந்நம்பிக்கை பொய்த்தது தெரியாது, நமக்குத் தெரியும். இம்முரணை அமைத்தவர் அவலத்தின் இயல்பை நன்கு உணர்ந்தவரே.

கேட் இறப்பது வேறு வகை. அழியும் நகரொன்றில் ஒளிவிடம் நோக்கி விரையும்போது, பேச்சின் நடுவே, தொலைவிலிருந்து வந்த படிகமுள் ஒன்று அவர் தலையைத் துளைக்கின்றது. வீரவுரை இல்லை, விடைபெறுதலும் இல்லை. இத்திடீர்மையை எம் உள்ளம் பாராட்டிற்று. எனினும் கைகள் பாராட்டவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஆட்டம் நிகழும் பொழுதெல்லாம் தோழர் ஐவரும் அழியா வரம் பெற்றவர்போல் நிற்கின்றனர். நூறு கணைகள் பாய்ந்தாலும் வீழ்வதில்லை. அவரைக் காக்க வேண்டும் என்னும் கவலையே ஆடுவோர்க்கு எழுவதில்லை. பகைவரின் முன்னே அவரை நிறுத்திவிட்டு, பின்னே பாறை மறைவில் அமர்ந்து யாம் மூச்சுவாங்கிய வேளைகள் பல. அத்தகையவர் இடைக்காட்சி தொடங்கியவுடன் ஒரே கணையில் வீழ்கின்றார். அவ்வமயம் நம் கையில் உள்ள கருவி உயிரற்றதாகின்றது. நாம் மீண்டும் வெறுங்காண்போர் ஆகின்றோம். கார்ட்டர் புண்பட்ட உடலோடு தம் வானூர்தியைப் பகைவரின் நடமாடும் பேரெந்திரத்தின்மேல் மோதுவதும், எமில் வாளால் குத்துண்டும் குத்தியவனை விடாது உடன்கொண்டு வீழ்வதும் நல்ல திரைப்படக் காட்சிகளே. நல்ல ஆட்டக் காட்சிகள் என்று கூற எம் மனம் ஒப்பவில்லை.

இதற்கு மாறாக, ஆசிரியர் சாவுரை ஒன்றும் எழுதாத பொதுப்படை வீரர் சிலர் உளர். சில களங்களில் அவர் ஆறாமவரோடு இணைந்து சிறு அணியாகப் பின்தொடர்வர். அவர் வரம் பெற்றவர் அல்லர். கணை பட்டால் இறப்பர். ஒரு களத்தில் எம்மைத் தொடர்ந்த மூவருள் ஒருவரை எம் அவசரத்தால் இழந்தோம். ஏனைய இருவரை எம் அச்சத்தால் இழந்தோம். அவர்தம் முகமும் எமக்கு நினைவில் இல்லை. ஆயினும் எமிலின் வீழ்ச்சியினும் அம்மூவர் வீழ்ச்சியே எம்மை நெடுநேரம் வருத்திற்று. அது எம் கையால் நேர்ந்தது.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். இழவாவது உரியவரை இழத்தல். அசைவாவது முன்னை நிலை கெட்டு வருந்துதல் என்பர் உரையாளர். வேற்றுமொழியாரின் புதுவகைக் கலைக்கு இவ்வளவுகோல் பொருந்துமோ என்னும் ஐயம் எமக்கும் இருந்தது; ஆடி முடித்தபின் ஒழிந்தது. தோழர்தம் சாவுகள் யாவும் இழவின்மேல் நிற்பன. ஆசிரியர் பெரிதும் உழைத்தது அங்குத்தான். ஆனால் இவ்வாட்டத்தின் உண்மையான அவலம் அசைவின்மேல் நிற்கின்றது. அது கதை முடிந்த பின்னரே வருகின்றது.

கதையின் முடிவு இது. ஆறாமவர் தாம் சுமந்து வந்த பொருளைக் கீஸ் என்னும் கப்பல் தலைவரிடம் சேர்ப்பிக்கின்றார். எமில் இறந்துவிடவே, பெரும்பீரங்கியை இயக்க ஆள் இல்லை. ஆறாமவர் கப்பலில் ஏறாது நின்றுவிடுகின்றார். தங்குவதா, செல்வதா என்று ஆட்டம் நம்மை வினவுவதில்லை; தங்குவதாக அதுவே முடிவு செய்கின்றது. இதனைக் குறை என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. கப்பல் தப்பியது என்பதை அனைவரும் அறிவர். அறிந்த முடிவினுள் விருப்புரிமை காட்டுதல் வெறும் நடிப்பாய் முடிந்திருக்கும். பகைக்கப்பலின் அடிவயிற்றைக் குறிவைத்துச் சுடும் செயலோ நம் கையாலேயே நிகழ்கின்றது. குறி தவறினால் கப்பல் அழியும். எமக்கு மும்முறை அழிந்தது. கி.மு. 480 இல் தெர்மாப்பிலிக் கணவாயில் நின்ற ஸ்பார்ட்டர், பிறர் பின்வாங்கிச் செல்லத் தாம் நின்று மடிந்தனர். அவர்தம் பெயரை இவ்வீரர்க்கு இட்டமை இவ்விடத்தில்தான் பொருளுடையதாகின்றது.

கப்பல் சென்றுவிடுகின்றது. கலைஞர் பெயர்ப்பட்டியல் ஓடுகின்றது. ஆட்டம் முடிந்தது என்று எழ முற்பட்டோம். அப்போது மீண்டும் ஒரு களம் திறந்தது. தனி ஓநாய் என்னும் பொருளுடைய பெயர் அதற்கு. பாழ்பட்ட நிலம், சில கட்டடங்கள், துணைக்கு ஒருவரும் இல்லை. திரையில் தோன்றும் கட்டளை ஒரே ஒரு சொல்: உயிர்வாழ்க.

இவ்வகை ஆட்டங்களில் கட்டளை என்பது நிறைவேற்றத்தக்க ஒன்றாகவே இருக்கும். கதவைத் திறக்க என்றால் கதவு இருக்கும். கோபுரத்தை அழிக்க என்றால் கோபுரம் அழியும். ஆகவே வழியொன்று இருத்தல் வேண்டும் என்று நம்பினோம். கட்டடங்களுள் புகுந்து தேடினோம். வானூர்தி வந்திறங்கும் இடம் எது என்று பார்த்தோம். பகைவர் அணி அணியாய் வந்தவண்ணம் இருந்தனர். முந்தைய ஒன்பது களங்களில் கற்றவை அனைத்தையும் செய்தோம்: மறைவில் பதுங்குதல், கவசத்தின் காப்பாற்றல் மீளும்வரை பொறுத்திருத்தல், மருந்துப் பெட்டியைத் தேடுதல், இறந்தவர் படைக்கலத்தை எடுத்தல். ஒவ்வொன்றும் பயன் தந்தது. ஆனால் எதுவும் எங்கும் கொண்டுசெல்லவில்லை. பின்னர், நாம் நோக்கும் முகக்கண்ணாடியிலேயே விரிசல் ஒன்று தோன்றிற்று. சற்றுக் கழித்து இன்னொன்று. முதற்காட்சியில் கண்ட துளைபட்ட தலைக்கவசம் யாருடையது என்பதை அப்போதே எம் உள்ளம் முழுதும் ஏற்றுக்கொண்டது. அறிவு அதனை முன்னரே அறிந்திருந்தது, கை அறியவில்லை.

இத்தகு ஆட்டங்களில் இறப்பு என்பது பெயரளவானதே. இறந்தால் சற்று முன்னர்ப் பதிந்த நிலைக்கு மீண்டு தொடரலாம். யாம் கதை முழுவதிலும் நூற்றுக்கணக்கான முறை இறந்திருத்தல் கூடும். ஒன்றேனும் இறப்பாகத் தோன்றவில்லை. இறுதிக் களத்தில் அம்மீட்சி இல்லை. இதுகாறும் வெற்றி தந்த திறமையெல்லாம் அங்கு நேரத்தை நீட்டிக்க மட்டுமே உதவும். முன்னை நிலை கெடுதல் என்று உரையாளர் கூறியது இதனையே ஒக்கும். இங்கு ஒரு முரணையும் சுட்ட வேண்டும். மிகுதிறன் படைத்தோர் இக்களத்தில் நெடுநேரம் நின்று காட்டுவர். அவர்க்கு அது பெருமைக்குரிய பந்தயமாகிவிடும். துயரம் அங்கு மெலியும். எம்போல் விரல் மந்தமானோர்க்கே இவ்வவலம் முழுதும் வாய்க்கும் போலும்.

காப்பு ஒழிந்தபின் ஓர் இடைக்காட்சி வருகின்றது. ஆறாமவர் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் போரிட்டு மடிகின்றார். அதுவும் கையைப் பறிக்கும் காட்சியே. ஆயினும் அதனை யாம் குறைகூறவில்லை. அதற்குமுன் கை தன்னால் இயன்றதனைத்தையும் செய்து முடித்திருந்தது.

அதன்பின் ஆண்டு 2589 எனக் காட்டுகின்றனர். அதே தலைக்கவசம் கிடக்கின்றது. சுற்றிலும் புல் முளைத்திருக்கின்றது. ஹால்சியின் குரல், ஆறாமவரின் ஈகம் வீண்போகவில்லை என்னும் கருத்துப்பட நெடிது பேசுகின்றது. அக்குரலை நீக்கிவிட்டு அப்புல்லை மட்டும் காட்டியிருக்கலாம்.