காந்தத் தண்ணீரும் எட்டுத் தொட்டிகளும்

மாடித் தோட்டம் போடுகிறவர்களிடையே காந்தத் தண்ணீர்ப் பேச்சு அடங்குவதே இல்லை. குடத்தின் அடியில் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை இரவு முழுக்க வைத்து, காலையில் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது ஒரு வகை. குழாயைச் சுற்றிக் காந்தப் பட்டை மாட்டுவது இன்னொரு வகை. இதை விலைக்கு விற்கிறார்கள். "ரெண்டு தொட்டியில வச்சுப் பார்த்தேன், காந்தத் தண்ணி ஊத்துன வெண்டை ஒரு சாண் கூடுதலா வளந்துச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. கண்டதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு சாணுக்குக் காந்தம்தான் காரணமா என்பதே கேள்வி. இரண்டு தொட்டிகளால் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

முதலில் இயற்பியல். தண்ணீரைக் காந்தம் ஈர்ப்பதில்லை. மிக மிக இலேசாக விலக்குகிறது. 1997-இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வகத்தில் ஆந்த்ரே கைம் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டதும் இந்த விலக்கத்தால்தான். அதற்கு ஏறத்தாழ 16 டெஸ்லா புலம் தேவைப்பட்டது. ஒலிபெருக்கிக் காந்தத்தின் மேற்பரப்பில் அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். புலத்தைவிட்டு வெளியே வந்த தண்ணீர் பழைய தண்ணீரேதான். அதன் மூலக்கூறுகளைக் கோத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒரு வினாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்துக்குள் அறுந்து, வேறொன்றோடு சேர்ந்துவிடுகின்றன. காந்தம் தண்ணீரின் அமைப்பை மாற்றிவிடும், வேர் அதைச் சுலபமாக உறிஞ்சும் என்ற விளக்கம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆனால் விளக்கம் தவறு என்பதால் விளைவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் குழாயில் வருவது தூய நீரன்று. கால்சியமும் வேறு உப்புகளும் கரைந்த நீர். கொதிகலன்களில் உப்புப் படியாமல் தடுக்கக் காந்தத்தைப் பயன்படுத்தும் முறைக்கு பெல்ஜியத்தில் வெர்மெய்ரன் 1945-லேயே காப்புரிமை பெற்றார். கால்சியம் கார்பனேட் கால்சைட், அராகனைட் என்ற இரு படிக வடிவங்களில் படியக்கூடியது. காந்தத்தைக் கடந்த நீரில் அராகனைட்டின் பங்கு கூடுவதாக டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் கோயியும் காஸும் 2000-இல் எழுதினார்கள். கைமும் காந்த நீரைப் பலமுறை சோதித்து, எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்று தமது நோபல் உரையில் குறிப்பிட்டார். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வியை எழுப்புவது நியாயமே.

பயிரில் நடந்த சோதனைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஆஸ்திரேலியாவின் மேற்கு சிட்னி பல்கலைக்கழகத்தில் மகேஷ்வரியும் கிரேவாலும் நடத்தி 2009-இல் வெளியிட்டது. கண்ணாடிக்கூடத்தில் தொட்டிகளில் செலரி, ஸ்னோ பீஸ், பட்டாணி மூன்றையும் வளர்த்தார்கள். குடிநீர், சுத்திகரித்த கழிவுநீர், உப்பு கலந்த நீர் எல்லாவற்றையும் காந்தத்தோடும் இல்லாமலும் ஊற்றினார்கள். 3000 பிபிஎம் உப்பு நீரில் செலரி விளைச்சல் 23 சதவீதமும், கழிவுநீரில் 12 சதவீதமும் கூடியது. ஸ்னோ பீஸில் கூடுதல் 6 முதல் 8 சதவீதம்வரை. பட்டாணியில் ஒன்றுமில்லை. நேர்மையாக எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். விளம்பரம் எழுதுகிறவருக்கோ 23 என்ற ஒரே எண் போதும், பட்டாணி தேவையில்லை. தற்செயலால் தவறிப்போக இருபதில் ஒரு வாய்ப்பை நாம் ஒப்புக்கொள்வதாக வைத்துக்கொண்டு பத்து ஒப்பீடுகள் செய்தால், காந்தத்துக்குச் சக்தியே இல்லாவிட்டாலும் ஏதேனும் ஒன்றிலாவது "வெற்றி" தோன்ற 40 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த ஆய்வு மேலும் சோதிக்கத் தூண்டும் ஆய்வு. கருவி வாங்கச் சொல்லும் சான்று அன்று.

இனி வீட்டுச் சோதனைக்கு வருவோம். ஒரே பாக்கெட் விதை, ஒரே மண்கலவை, ஒரே அளவு தண்ணீர் என்றாலும் தொட்டிக்குத் தொட்டி விளைச்சல் மாறும். கைப்பிடிச் சுவரை ஒட்டிய தொட்டி சுவரின் சூட்டை வாங்கும். ஒன்றில் மண்புழு உரம் சற்றுக் கூடுதலாக விழுந்திருக்கும். கீரை விதையை மணல் கலந்து தூவினாலும் ஒரு மூலையை எறும்பு இழுத்துக்கொண்டு போயிருக்கும். இந்த ஏற்ற இறக்கம் சராசரியில் கால் பங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த வித்தியாசமும் காட்டாமல் வளர்த்த இரு தொட்டிகளை ஒப்பிட்டால்கூட, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் இருபது சதவீதத்துக்கு மேல் வேறுபாடு தெரியும். ஒரு சாண் வெண்டையின் கதை இதுதான்.

காந்தத்தோடு கூடவே நுழைந்துவிடும் மாற்றங்கள் இதைவிட ஏமாற்றக்கூடியவை. இரவு முழுக்கக் குடத்தில் நின்ற தண்ணீரில் குளோரின் குறைந்திருக்கும், சூடு தணிந்திருக்கும். ஒப்பிடுவதற்கான தொட்டிக்கோ மேல்தொட்டியில் வெயிலில் கிடந்த தண்ணீர் நேராகக் குழாயிலிருந்து போகும். செடி கண்டது எந்த வித்தியாசத்தை? காந்தத்தைத் தண்ணீருக்குள்ளேயே போட்டுவிட்டால் துருவும் முலாமும் கரைய வாய்ப்புண்டு. அப்போது சோதிப்பது காந்தப்புலத்தை அன்று.

இதையெல்லாம் மாடியிலேயே சரிசெய்யலாம். ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் எழுதிய நூலில் வழி இருக்கிறது. பாலை முதலில் விட்டார்களா, தேநீரை முதலில் விட்டார்களா என்பதைச் சுவையிலேயே சொல்லிவிடுவேன் என்ற பெண்மணிக்கு எட்டுக் கோப்பைகளை, வகைக்கு நான்காக, குலுக்கல் வரிசையில் கொடுத்துச் சோதிக்கும் உதாரணம் அது. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். குருட்டு அதிர்ஷ்டத்தில் எல்லாமே சரியாக அமைய எழுபதில் ஒரு வாய்ப்புத்தான். எட்டுத் தொட்டிக்கும் அதே கணக்கு. எந்த நான்குக்குக் காந்தத் தண்ணீர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். இரண்டு குடங்கள், ஒன்றின் அடியில் காந்தம், மற்றொன்றின் அடியில் அதே எடைக்குக் காந்தமில்லாத இரும்பு. இரண்டும் ஒரே நேரம் நிற்க வேண்டும். குடத்துக்கு அ, ஆ என்று பெயரிடுபவர் ஒருவர்; எது எதுவென்று தெரியாமல் அளவுக் குவளையால் ஊற்றுபவரும் எடை போடுபவரும் வேறொருவர். சிறுகீரை என்றால் ஒரு மாதத்துக்குள் வேரோடு பிடுங்கி நிறுத்துவிடலாம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பெரிய விளைவைத்தான் அது பிடிக்கும். பத்து சதவீதக் கூடுதலை நம்பும்படி கண்டுபிடிக்க, மேற்சொன்ன ஏற்ற இறக்கத்தில், பக்கத்துக்கு ஏறத்தாழ நூறு தொட்டி வேண்டும். அது வீட்டு வேலை இல்லை. வேளாண் கல்லூரிகளும் கருவி விற்பவர்களும் செய்ய வேண்டியது. காந்தத்தின் வலிமை, குழாயில் நீர் ஓடிய வேகம், நீரின் உப்பளவு மூன்றையும் சொல்லாத முடிவை வேறொருவர் மறுபடி செய்து பார்க்க வழியில்லை. விதையையே காந்தப்புலத்தில் வைத்து முளைப்பைப் பார்க்கும் ஆய்வுகள், டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் கொண்டைக்கடலையில் நடந்ததைப் போல, வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தண்ணீருக்குச் சான்றாகக் காட்டுவது தவறு.

வீட்டில் இருக்கும் காந்தத்தை வைத்துச் சோதிப்பதில் கெடுதல் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் செய்தால் நான் மகிழ்வேன். குலுக்கலும் மறைப்பும் எதற்கு என்பதை இதைவிட நன்றாகப் புரியவைக்கும் பயிற்சி அரிது. காசு கொடுத்துப் பட்டை வாங்குவதை மட்டும் இன்றைய சான்றுகளை வைத்து என்னால் பரிந்துரைக்க முடியாது. காந்தம் உப்பை அகற்றுவதில்லை. டிடிஎஸ் மீட்டரை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீர்தான் தொல்லை என்றால் மழைநீரைக் கலந்து ஊற்றலாம், அடித்துளை வழியே வடியும்படி அவ்வப்போது நல்ல நீரால் தொட்டியை அலசலாம். சோடியம் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் இருக்கிறது. இவை வேலை செய்யும் விதம் தெளிவாகத் தெரிந்தவை.

சோதித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடுவில் ஒரு தொட்டி பட்டுப்போனால் அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாதீர்கள். அது அ குடத்துத் தொட்டியா, ஆ குடத்துத் தொட்டியா என்பதோடு, எடை சுழியம் என்று எழுதி, மற்ற ஏழோடும் சேர்த்தே வெளியிடுங்கள்.