கூடுகையும் உரிமையும்: தீண்டாமை எதிர்ப்புப் போராட்டத்திற் கூத்தின் இடம்

மனித உரிமை என்ற தொடர் இன்று பெரும்பாலும் சாசனங்களையும் நீதிமன்றங்களையுமே நினைவூட்டுகின்றது. 1948ஆம் ஆண்டின் உலகப் பிரகடனம் அமைதியாக ஒன்றுகூடும் உரிமையை 20ஆம் உறுப்புரையிலும், சமுதாயத்தின் பண்பாட்டு வாழ்விற் சுதந்திரமாகப் பங்குகொள்ளும் உரிமையை 27ஆம் உறுப்புரையிலும் கூறுகின்றது. இவற்றைத் தனித்தனியே படிப்பது வழக்கம். யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பினைப் பின்னணியாகக் கொண்டு நோக்குமிடத்து இவை ஒன்றையொன்று பிரிந்து நிற்கமுடியாதவை என்பது புலனாகும். ஒருவனுக்குக் கோயில் வாயில் அடைக்கப்பட்டபோது கூடுகையும் பண்பாடும் ஒருசேர மறுக்கப்பட்டன. ஆதலின், 1966ஆம் ஆண்டினைத் தொடர்ந்து எழுந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தையும் அதனோடு பிறந்த நாடகங்களையும், எவர், எங்கே, எவரோடு கூடலாம் என்ற வினாவை மையமாக வைத்து ஆராய முற்படுகின்றோம்.

சட்டம் முன்னரே இருந்தது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவருக்குத் தடை விதிப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. எனினும் ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னரும் கோயில்களும் தேநீர்க் கடைகளும் பல ஊர்களிற் பூட்டியே கிடந்தன. இதற்குக் காரணம் அதிகாரிகளின் அசட்டை மாத்திரமன்று. சட்டம் தனிமனிதனை நோக்கிப் பேசியது. பாதிக்கப்பட்டவன் தானே பொலிஸ் நிலையஞ் சென்று முறையிடவேண்டும். தானே சாட்சி தேடவேண்டும். ஆனால் அவன் குடியிருந்த காணி பிறருடையது; அவன் கூலிக்கு நின்ற தோட்டமும், தண்ணீருக்குக் காத்துநின்ற கிணறும் அவ்வாறே. நியாயங் கேட்பவன் மறுநாளே வேலையையும் குடிநிலத்தையும் இழக்க நேரலாம். நிலவுடைமை உறவுகளைத் தொடாத சட்டம், அவ்வுறவுகளுக்குள் அகப்பட்டிருந்த மனிதனின் கையிற் பயன்படாக் கருவியாயிற்று. தனியனாக நின்று கோரமுடியாத உரிமையைக் கூட்டமாக நின்றே கோரவேண்டியிருந்தது.

1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின் முக்கியத்துவம் இதுவே. பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்டுகளின் முன்முயற்சியால் ஒழுங்குசெய்யப்பட்ட அவ்வூர்வலம், பொலிசாரின் தாக்குதலையும் மீறி முற்றவெளிக் கூட்டத்தில் நிறைவெய்தியது. ஒதுங்கி நடக்குமாறு பணிக்கப்பட்டிருந்தோர் பெருந்தெருவின் நடுவே அணிவகுத்துச் சென்றமையே அன்றைய பேச்சுக்கள் யாவற்றினும் தெளிவான பேச்சாகும். 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968இல் சங்கானை முதலிய இடங்களிலே தேநீர்க் கடைப் பிரவேசமும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே ஆலயப் பிரவேசமும் முன்னெடுக்கப்பட்டன, உயிர்களும் பலியாயின. மாவிட்டபுரத்தில் வாயிலை மறித்து நின்றவர்களுள் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் முதன்மையானவர். கணித அறிஞரும் நாடாளுமன்றவாதியுமான அவர் மீது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. ஏட்டிலே உறங்கிய சட்டத்தைத் தட்டியெழுப்பியது வாயிலிற் கூடிய மக்கள் திரளே.

இப்பின்னணியில் என். கே. ரகுநாதனின் ஆக்கங்கள் இரண்டினை இணைத்து நோக்குதல் பயனுடையது. அவரது புகழ்பெற்ற சிறுகதையான ‘நிலவிலே பேசுவோம்’, சமூகச் சீர்திருத்தம் பேசும் உயர்சாதிப் பெரியவரொருவர் தம்மைக் காணவந்த ஒடுக்கப்பட்ட சாதியினரை வீட்டினுள் அழையாது, நிலவொளியின் இனிமையைக் காரணங்காட்டி வெளியிலே அமர்த்திப் பேசும் நிகழ்ச்சியைச் சித்திரிப்பது. அப்பெரியவர் கொள்கையளவிற் சமத்துவத்தை மறுப்பவரல்லர். உட்காரும் இடத்தையே மறுக்கின்றார். அவ்விடத்தின் அரசியலைக் கதை நுட்பமாகக் காட்டுகின்றது. ஆயினும் சிறுகதை என்ற வடிவம் தனித்திருந்து படிப்பவனின் மனச்சாட்சியையே தட்டவல்லது.

மாவிட்டபுரப் போராட்டத்தின் எழுச்சியோடு அதே ஆசிரியரின் ‘கந்தன் கருணை’ நாடகம் அம்பலத்தாடிகள் குழுவினரால் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடப்பட்டபோது, கதையில் எழுந்த அதே வினா வெளியரங்குக்கு வந்தது. இதே பெயரில் 1967இல் பக்தித் திரைப்படமொன்று வெளியாகியிருந்தமையை நினைவிற்கொண்டால் தலைப்பின் அங்கதம் விளங்கும். கருணை கடவுளிடத்து உண்டெனில் வாயில் ஏன் அடைக்கப்பட்டது என்ற கேள்வி தலைப்பிலேயே தொனிக்கின்றது. பாணித் தெரிவும் தற்செயலானதன்று. காத்தவராயன் கதை, சாதியெல்லையை மீறி ஆரியமாலையை விரும்பியவன் கழுவேறும் கதை. மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்து கிராமத்தவரின் நாவிலே பயின்ற அதன் மெட்டுக்கள், மீறலையும் தண்டனையையும் பற்றிய நினைவைத் தம்முடனேயே சுமந்துவந்தன. கோயிலுக்குள் விடப்படாதோர் கோயில் வீதியின் கலையைக்கொண்டே கோயிலை விசாரணைக்குட்படுத்தினர்.

1969இல் மேடையேறிய சி. மௌனகுருவின் ‘சங்காரம்’ வேறொரு வழியிற் சென்றது. வடமோடிக் கூத்தின் ஆட்டமரபினைக் கையாண்டு, சாதி முதலாய பேதங்களை அரக்கர்களாக உருவகித்தது அந்நாடகம். இதன் பின்னணியிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் செய்த பணி உண்டு. 1962இல் ‘கர்ணன் போர்’ தொடக்கம் அவர் தயாரித்த நாடகங்கள், கற்றோர் இழிவாக நோக்கிய கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தன. அப்பணியின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் விடியும்வரை ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணித்தியாலங்களுக்குச் சுருங்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு வந்தபோது, கூத்தின் அழகியல் மீட்கப்பட்ட அளவிற்கு அதன் சமூக உறவுகள் விசாரிக்கப்படவில்லை. தேசிய மரபு என்ற பெயரில் கூத்து முழுச் சமூகத்துக்கும் பொதுவானதென்று கொள்ளப்பட்டது. உண்மை அதுவன்று. பல ஊர்களிலே அவ்வச் சாதியார் தத்தம் களரியிலேயே ஆடினர். பறைமேளம் கலையாகவன்றிக் குடிமைத் தொண்டாகவே விதிக்கப்பட்டிருந்தது. கூடுகையின் கலையாகிய கூத்தினுள்ளேயே கூடாமையும் குடியிருந்தது. ‘சங்காரம்’ மரபின் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு, அம்மரபு சுமந்த சாதியை அரக்கனாக அதே களரியில் நிறுத்தியது. பேராதனை மீட்பு எழுப்பாது விட்ட வினாவை அது எழுப்பியது என்பதே அதன் வரலாற்று முக்கியத்துவம்.

இந்நாடகங்களைப் பற்றி இருவகைத் தீர்ப்புக்கள் நிலவிவந்துள்ளன. இவை வெறும் பிரசாரம், கலையாகா என்பது ஒன்று. கலையின் தூய்மையைக் காக்க முற்படும் இவர்கள், ஒதுக்கப்பட்டவனைப் பார்வையாளனாகவும் ஏற்காத களரியின் தூய்மை யாது என்பதை வினவுவதில்லை. மற்றது நம்மவருடையது. கருத்து முற்போக்கானதாயின் நாடகமும் சிறந்ததே என்று பாராட்டி அமைந்தோம். இதுவும் குறைபாடுடைய நோக்கே. பனுவலின் கருத்தை மாத்திரம் எடைபோட்டமையால், ஆட்டக்காரர் யாவர், மேளத்தை எவர் அடித்தார், பார்வையாளர் எவ்வாறு கலந்திருந்தனர், ஆட்டம் முடிந்தபின் எவர் எவரோடு தேநீர் அருந்தினர் என்பனவற்றை நாம் உரியவாறு பதிவுசெய்யத் தவறினோம். மரபுக்கூத்திற் பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். சாதியெல்லையை உடைக்கப் புறப்பட்ட அரங்கு பால் எல்லையை எவ்வளவு தூரம் உடைத்தது என்ற வினாவையும் நாம் எழுப்பவில்லை. சாதியை வர்க்கத்தின் நிழலென்று விரைவாக மொழிபெயர்த்துவிட்ட நமது பழக்கமும் இதற்குக் காரணமாகும். சாதி நிலவுடைமையில் வேரூன்றியது உண்மையே. ஆனால் அது கோப்பையிலும் கிணற்றிலும் தேர்வடத்திலும் நாளாந்தம் உயிர்பெறுவது. இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற கே. டானியல் 1972இல் வெளியிட்ட ‘பஞ்சமர்’ நாவலின் வலிமை, இந்நாளாந்த விவரங்களிலேயே தங்கியுள்ளது.

எனவே சமுதாய அரங்கினை மதிப்பிடப் பின்வரும் அளவுகோலை முன்வைக்க விரும்புகின்றோம்: ஒரு நிகழ்வு எதைச் சொல்லுகின்றது என்பதோடு, அதற்கு முன் கூடமுடியாதிருந்த எவரை அது கூட்டுகின்றது என்பதையும் கேட்கவேண்டும். கலையின் தரமும் உரிமையின் மெய்ம்மையும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் இதுவே.

இவ்வளவுகோல் கடந்தகாலத்துக்கு மாத்திரம் உரியதன்று. 1971இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கூட்டப்பட்டன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, கடைகள், பொது உணவகங்கள், தத்தம் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குச் செல்வதிற் சாதி காரணமாகத் தடை இருத்தலாகாதென 12ஆம் உறுப்புரையில் விதித்தது. இனவொடுக்குமுறையும் நீண்ட யுத்தமும் தமிழர் அனைவரையும் ஓரணியில் நிறுத்துவனவாகத் தோன்றின. சாதி பற்றிய பேச்சு அவ்வொற்றுமைக்கு ஊறெனப் பலராலும் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது ஒழிக்கப்பட்டதாகாது. 2018இல் தென்மராட்சியின் வரணியில் ஆலயத் தேரொன்று மண் அகழும் இயந்திரத்தினால் இழுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்கே இவ்வாறு செய்யப்பட்டதென்ற கண்டனம் பரவலாக எழுந்தது.

தேர்த்திருவிழா ஊர் கூடும் நிகழ்வுகளுள் தலையாயது. வடத்திற் பல கைகள் ஒருங்கே பற்றினாலன்றித் தேர் நகராது. அதனாலேயே அது ஊரின் ஒருமைக்குக் குறியீடாயிற்று. கைகள் கலப்பதை அஞ்சுமிடத்து இயந்திரம் துணைக்கு வருகின்றது. நவீன சாதனங்கள் பழைய உறவுகளைத் தாமாகவே அழித்துவிடும் என்ற எளிய நம்பிக்கைக்கு இதனினும் தக்க மறுப்பு வேண்டியதில்லை. ஆண்டுதோறும் டிசெம்பர் 10ஆந் திகதி மண்டபங்களில் மனித உரிமை நாள் அனுட்டிக்கப்படுகின்றது. உரைகள் நிகழட்டும். ஆனால் மண்டபத்தில் ஏற்கெனவே கூடக்கூடியவர்களே கூடுகின்றனர். சுன்னாகத்துத் தெருவிலும் மாவிட்டபுர வாயிலிலும் கூத்துக்களரியிலும் நிகழ்ந்தது வேறு: கூடக்கூடாதென விதிக்கப்பட்டோர் கூடினர், கூடியதனாலேயே உரிமை உண்டாயிற்று. அந்நாடகங்களைப் பாடத்திட்டத்தின் பகுதியாகப் பயிலும் நாம், அவற்றை மீண்டும் மேடையேற்றும்போது முதலில் தீர்மானிக்கவேண்டியது எந்த ஊரில், எந்த வாயிலின் முன் ஆடுவது என்பதையே.