கூட்டம் இல்லாத ராட்டினங்கள்

நியூயார்க்கின் கேளிக்கைக் கடற்கரையான கோனி ஐலண்டை நீர்வண்ணத்தில் தீட்டிய படங்களைப் பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம் வலுக்கிறது: அந்த இடம் இவ்வளவு சாதுவானதா? 1920-இல் சுழலத் தொடங்கிய வொண்டர் வீல் ராட்டினம், 1927-இல் திறந்த சைக்ளோன் ரோலர் கோஸ்டர், பின்னால் வெளுத்த அட்லாண்டிக் வானம். மூன்றும் தாளில் ஏறியதும் வாழ்த்து அட்டை தயார்.

வானத்தைப் பொறுத்தவரை நீர்வண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. கடற்காற்றில் ஈரம் மிதப்பதால் தொலைவில் உள்ள எதற்கும் விளிம்பு தெளிவாக இருப்பதில்லை. நனைந்த தாளில் விட்ட நிறம் தானாகப் பரவி அந்த மங்கலைக் கொண்டுவந்துவிடும்.

சிக்கல் ராட்டினங்களில் தொடங்குகிறது. சைக்ளோனின் தடம் மரத்தாலானது, தாங்குவது எஃகுச் சட்டம். வெயில் பட்ட சட்டங்கள் வானத்தைவிட வெளிறித் தெரியும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். எனவே ஒவ்வொரு சட்டத்தையும் விட்டுவிட்டு இடையிலுள்ள வானத்தைத் துண்டு துண்டாகப் பூச வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் நீலச் சாம்பல் நிறத்தில் நாலு கோடு இழுத்துவிடுகிறார்கள். சுமார் 26 மீட்டர் உயரத்திலிருந்து அலறலோடு ஆட்களை இறக்கும் அமைப்பு, கோலம்போல எடையற்று நிற்கிறது.

இதையாவது மன்னிக்கலாம். மனிதர்களை விட்டுவிடுவதை எப்படி மன்னிப்பது? 1920 வாக்கில் ஐந்து சென்ட் கட்டணத்தில் ரயிலேறி இங்கு வந்துவிட முடிந்தது. நகரத்து ஏழைகள் திரண்டார்கள். புகைப்படக்காரர் வீஜி 1940-இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் மணலே கண்ணில் படாது, தலைகள்தான். நீர்வண்ணக்காரர்கள் பலர் அந்த மணலைக் காலி செய்து, ஓரத்தில் ஒரு குடை நட்டு, தூரத்தில் இரண்டு புள்ளிகளை நிற்க வைக்கிறார்கள். காரணம் புரிகிறது: கூட்டத்தின் இருட்டு, வண்ணத்தின் தெளிவைக் கெடுத்துவிடும் என்ற பயம்.

அந்தப் பயத்தைப் பொய்யாக்கியவர்கள் உண்டு. பாஸ்டன் பக்கக் கடற்கரைகளை 1890-களில் தீட்டிய மாரிஸ் பிரெண்டர்காஸ்ட், கூட்டத்தை நிறத் திட்டுகளாகவே பார்த்தார். குடையும் பாவாடையும் அருகருகே அமர்ந்து கூட்டத்தின் அசைவைத் தருகின்றன. ஆனால் அவர் உலகம் ஞாயிறு உடை அணிந்த உலகம், வியர்வை அங்கே இல்லை. ரெஜினால்ட் மார்ஷ் (1898–1954) நேர்மாறு. கோனி ஐலண்டை முட்டை டெம்பராவிலும் நீர்வண்ணத்திலும் திரும்பத் திரும்பத் தீட்டிய அவருக்குக் கோடுதான் எலும்பு. முதலில் உடல்களை இறுக வரைந்து, நிறத்தை மேலே மெல்லியதாக ஓடவிட்டார். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடக்கும் அந்த உடல்களில் கொஞ்சம் ஆபாசமும் உண்டு, மிகையும் உண்டு. அட்டைப்பட அழகைவிட அந்த மிகையே எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது.

இரவுக் காட்சியில் மட்டும் மார்ஷின் வழியும் எளிதல்ல. 1903-இல் கோனி ஐலண்டில் திறந்த லூனா பார்க் கேளிக்கைப் பூங்கா தன் மின்விளக்குகளாலேயே பெயர் பெற்றது. அந்த ஒளிக் குழப்பத்தை 1913–14-இல் ஜோசப் ஸ்டெல்லா எண்ணெய் வண்ணத்தில்தான் தீட்டினார். எண்ணெயில் இருட்டின்மேல் ஒளியை வைக்கலாம். நீர்வண்ணக்காரர் ஒவ்வொரு விளக்குக்கும் முன்கூட்டியே தாளில் இடம் ஒதுக்க வேண்டும், அல்லது கடைசியில் கோவாஷ் என்னும் ஒளி புகாத வண்ணத்தின் வெள்ளையைத் தொட்டு வைக்க வேண்டும். தூய்மைவாதிகள் இரண்டாவதை ஏமாற்று என்பார்கள். விளக்கு எரிகிறதா என்பதுதான் என் கேள்வி.