ரீடின் நாக்கில் இருக்கிறது பெட்டியின் ஆயுசு

பழைய ஆர்மோனியப் பெட்டி தேடுகிறவர்களுக்கு இது நல்ல காலம். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார ஊர்களில், செங்கல், காரோடு, தனுவச்சபுரம், உதியன்குளங்கரைப் பக்கமெல்லாம், பரணில் கிடந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் வந்து நிற்கின்றன. வில்லுப்பாட்டுக் குழு கலைந்துபோன வீட்டுப் பெட்டி, கதாபிரசங்கக்காரரின் பிள்ளைகள் விற்கும் பெட்டி, கீபோர்டு வந்ததும் சர்ச்சில் மூலைக்குப் போன பெட்டி. எல்லை தாண்டினால் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டத்திலும் இதே கதைதான்.

ஆனால் விளம்பரப் படங்களைப் பார்த்தால் மனம் கசக்கிறது. முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், பித்தளைக் கொக்கிக்கு ஒரு படம், புதிதாக அடித்த பாலிஷ் மின்னுவதற்கு இரண்டு படம். உள்ளே இருக்கும் ரீடுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. ஆர்மோனியத்தில் மரம் வெறும் வீடு. குடியிருப்பது ரீடு. வாங்குகிறவர்களும் வீட்டைப் பார்த்தே மயங்கி முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். ஏமாற்றத்துக்கான வாசல் அங்கேதான் திறக்கிறது.

நான் ரீடின் நாக்கைப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் மதிப்பிடுவதில்லை. திருகாணிகளைக் கழற்றி ரீடுப் பலகையைத் தூக்கித் திருப்பினால், அந்தப் பெட்டியின் முழுச் சரித்திரமும் அந்தப் பித்தளை நாக்குகளில் இருக்கும். நுனியில் சுரண்டினால் நாக்கு இலேசாகும், சுருதி ஏறும். ரிவெட்டுக்குப் பக்கத்தில் சுரண்டினால் நாக்கு தளரும், சுருதி இறங்கும். சுருதி சேர்ப்பவர் கை வைத்த ஒவ்வொரு முறையும் ஒரு தடம் மிஞ்சும். நல்ல கை வைத்த இடத்தில் நாக்கின் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் மட்டுமே தெரியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அதுவும். மோசமான கை பிளேடையோ கத்தி முனையையோ குறுக்கே இழுத்திருக்கும். அடிப்பக்கத்தில் குறுக்காக விழுந்த கீறல் ஒரு நாள் வெடிப்பாக மாறும். ஒரு கட்டை மட்டும் திரும்பத் திரும்ப சுருதி இறங்குகிறது என்றால் அதன் நாக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை எத்தனை முறை சேர்த்தாலும் நிற்காது. மாற்றத்தான் வேண்டும்.

செங்கல் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த பெட்டியை மறக்க முடியவில்லை. மரம் வெளுத்து, துருத்தியின் துணி ஓரம் நைந்து, விளம்பரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத பெட்டி. விற்ற அம்மா பலகையைக் கழற்ற முதலில் சம்மதிக்கவில்லை. "எனக்க மாப்பிள்ளைக்க பெட்டியாக்கும் இது, மக்களே. ரீடுல ஒருத்தனையும் கை வைக்க விட்டதில்ல." கடைசியில் சம்மதித்தார்கள். ஜூபிலேட் முத்திரை பதித்த ஜெர்மன் ரீடுகள், நிறம் மங்கி, தேன் காய்ந்ததுபோல் ஒரே சீராக இருந்தன. பாஸ் வரிசையில் ஒரே ஒரு நாக்கு மட்டும் பளிச்சென்ற மஞ்சளில் பிறகு வைக்கப்பட்டது. மற்ற எதிலும் குறுக்குக் கீறல் இல்லை. பலகையை மாட்டிவிட்டு வாசித்தபோது அந்த மஞ்சள் நாக்கின் சுரம் மட்டும் தனியாக முன்னால் வந்து நின்றது. மற்றவை மிகக் குறைந்த காற்றிலேயே எழுந்தன. துருத்தியை விரலால் தொட்டால் போதும், சுரம் வந்துவிடும். ஓங்கி அடித்தால் எந்தப் பெட்டியும் கத்தும். மெல்லிய காற்றுக்குப் பதில் சொல்லும் ரீடுதான் பெட்டியின் தரத்தைக் காட்டும்.

குஜராத்தின் பாலிதானா ரீடும் நல்ல ரீடுதான், இதில் எனக்குச் சண்டை கிடையாது. இன்று இந்தியா முழுவதும் விற்கும் பெட்டிகளில் பெரும்பங்கு அந்த ஊர் ரீடால்தான் பாடுகிறது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பாலிதானா ரீடு வைத்த பெட்டிக்கு 'ஒரிஜினல் ஜெர்மன்' என்று விளம்பரம் எழுதி விலையை ஏற்றுகிறார்கள். முத்திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூடிய பெட்டியை வைத்துக்கொண்டு ஜெர்மன் என்று சொல்பவரின் வார்த்தைக்கு விலை கொடுக்க வேண்டாம்.

மார்த்தாண்டத்து நண்பர் ஒருவர், கட்டைவரிசையை நகர்த்திச் சுருதி மாற்றும் ஸ்கேல் சேஞ்சர் இல்லாத பெட்டியைத் தொடமாட்டார். வில்லுப்பாட்டுக்குப் போகிறவருக்குப் புலவர் ஒன்றரைக் கட்டையில் தொடங்கி இரண்டரைக்குத் தாவினால் என்ன செய்வது என்பது அவர் வாதம். நியாயம்தான். ஆனாலும் பழைய பெட்டி வாங்கும்போது ஸ்கேல் சேஞ்சரை நான் தவிர்ப்பேன். கட்டைவரிசை முழுவதும் நகர்ந்து நகர்ந்து வருடக்கணக்கில் ஓடிய பெட்டியில் கட்டைக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும், காற்று கசியும், சில கட்டைகள் பாதி அமுங்கி நிற்கும், பாரமும் கூடுதல். முன்பு எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுப் பெட்டிக்காரர்கள் மூன்றரை ஸ்தாயி சாதாரணப் பெட்டியில், எந்தக் கட்டையை ஸட்ஜமாக வைத்தாலும் கை தடுமாறாமல் வாசித்தார்கள். அந்தப் பயிற்சி இப்போது அருகிவிட்டது. விரல் செய்ய வேண்டிய வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தபின் விரல் மறந்துவிடும்.

ஆர்மோனியமே வேண்டாம் என்பவர்களையும் நான் அறிவேன். அவர்கள் காது பழகிய இடம் பெரிய இடம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி திருவனந்தபுரம் போகும் வழியில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் ஓர் இரவு தங்குவாள். திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் 2006இல் பாடிய முதல் பெண் எங்கள் பாறசாலை பி. பொன்னம்மாள். நெய்யாற்றின்கரை வாசுதேவன் 1940இல் பிறந்து 2008இல் மறையும் வரை இந்த ஊரின் பெயரைக் கச்சேரி மேடைகளில் தாங்கினார். தம்புராவில் பிறந்த அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள், இரண்டு சுரத்துக்கு நடுவே நகர முடியாத பெட்டியைச் சங்கீத வாத்தியமாக ஏற்க மறுக்கிறார்கள். அகில இந்திய வானொலியும் 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கியது. அந்தத் தடை தளர 1971 ஆயிற்று.

பெட்டியில் கமகம் வராது என்பது உண்மை. ஆனால் கமகத்தை வைத்து மட்டும் அளந்தால் இந்த எல்லைக் கிராமங்களின் பாட்டில் பாதியைத் தள்ளிவிட வேண்டியிருக்கும். நெய்யாற்றின்கரை வட்டம் திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோச வத்சலம் சாஸ்திரியார் தமிழும் கர்நாடக சங்கீதமும் கற்று மலையாளத்தில் எழுதிய கிறிஸ்தவக் கீர்த்தனைகளை, ஆர்மோனியத்தின் கனத்த பாஸ் தாங்க ஊரே சேர்ந்து பாடிக் கேட்டவர்களுக்கு இது புரியும். பழனி ஆசிரமத்தில் இசை கற்று, ஆர்மோனியத்தோடு நாடக மேடைக்குப் போன எம்.கே. அர்ஜுனன்தான் பின்னாளில் மலையாளத் திரைப்பாட்டின் மென்மையான மெட்டுகள் பலவற்றைத் தந்தவர். கட்டையில் மெட்டைத் தேடியவர் அவர். பலர் சேர்ந்து பாடும் இடத்தில் எல்லாக் குரலையும் ஒரே சுருதியில் கட்டிப் போடுவதற்கு ரீடைப்போல் இன்னொன்று இல்லை.

இப்போது வாங்கும் விஷயம். எனக்குச் சட்டம் ஒன்றே: காது முன்னே போகட்டும், காசு பின்னே வரட்டும். அனுப்பிய வீடியோ எதையும் நம்ப வேண்டாம். அது வேறு யாருடைய பெட்டியாகவும் இருக்கலாம். வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். எல்லா ஸ்டாப்பரையும் மூடிவிட்டுத் துருத்தியை நிறைக்கச் சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் காற்று வடிந்தால் தோல் போய்விட்டது. பிறகு பாஸ் வரிசையை மட்டும் திறந்து, கீழ்க்கட்டையிலிருந்து மேல்வரை, கறுப்புக் கட்டையையும் விடாமல், ஒவ்வொன்றாக மெல்ல அமுக்கட்டும். அடுத்து நடு வரிசை மட்டும். இரண்டையும் சேர்த்துத் திறந்தபின் ஒரே கட்டையைப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். ஒலி அலை அலையாகத் துடித்தால் இரண்டு ரீடும் ஒத்துப்போகவில்லை. நடுவில் நீங்கள் ஒரு கட்டையின் பெயரைச் சொல்லி அதை அமுக்கச் சொல்லுங்கள். பெட்டி அவர் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கடைசியில் ரீடுப் பலகையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். விற்க மனமுள்ளவர் பத்து நிமிடம் செலவழிப்பார். மறுப்பவரிடம் வாதாடாமல் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடலாம்.

பெட்டியே இல்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கதை பெரும்பாலும் ஒன்றுதான்: 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வண்டிக் கூலியை மட்டும் முன்கூட்டி அனுப்புங்கள்.' அடையாள அட்டைப் படமும் கூடவே வரும். பெட்டியைத் தொடாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நீங்கள் விற்கும்போது, பணம் போடுகிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னால் உடனே பேச்சை நிறுத்துங்கள். பணம் வாங்க யூபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

என்னைக் கேட்டால், வண்டியில் வரவழைப்பதைவிட நேரில் போவதுதான் அழகு. 1979இல் நாகர்கோவில் ரயில் பாதை திறந்ததிலிருந்து பாறசாலைக்காரருக்குக் குழித்துறையும் இரணியலும் நெய்யாற்றின்கரையும் பக்கத்து வீடு மாதிரி ஆகிவிட்டன. போய்ப் பெட்டியின் முன்னால் உட்காருங்கள். அதை வாசித்தவர் யார், எந்தக் கோயில் கொடைக்குப் போனது, கடைசியாக யார் சுருதி சேர்த்தார் என்று கேளுங்கள். பூவார் போன்ற கடலோர ஊர்ப் பெட்டியென்றால் நாக்கில் பச்சை பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். உப்புக்காற்று பித்தளையை விடாது. கட்டைக்கு அடியிலிருக்கும் கம்பளித் துணியைப் பூச்சி தின்றிருந்தால் பயமில்லை, அதைச் சுலபமாக மாற்றலாம். தோலையும் மாற்றலாம். நல்ல நாக்கை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் மரம் வெளுத்து ரீடு தேறிய பெட்டியை வாங்கச் சொல்கிறேன். மரம் பளபளத்து ரீடு நொந்த பெட்டிக்குப் பாதி விலையும் அதிகம்.

குறைந்துவிட்டது பெட்டியைவிட, பெட்டிக்குச் சுருதி சேர்க்கும் காது. தம்புராவை மீட்டி வைத்துக்கொண்டு, ஒரு ரீடை எடுத்து, ஒரு இழை சுரண்டி, மாட்டிக் கேட்டு, மறுபடி கழற்றி, சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒரு வரிசை முடிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது செல்போன் டியூனரில் பச்சை விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். டியூனர் தனித்தனிச் சுரத்தைச் சரி என்று சொல்லும். பஞ்சமம் ஸட்ஜத்தோடு எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அவசரமாகச் சுரண்டப்பட்ட நாக்குகள்தான் இன்று சந்தையில் அதிகம் வருகின்றன. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் ஊர்ப் பெட்டிகள் இன்னும் கொஞ்சம் நாக்கு மெலிந்து திரும்புகின்றன.

ஆகையால் வாங்குகிறவர்களைவிட விற்கிறவர்களிடம்தான் என் வேண்டுகோள். பரணிலிருந்து இறக்கிய பெட்டிக்குப் பாலிஷ் அடிக்காதீர்கள், அவசரத்துக்குச் சுருதி சேர்க்க யாரிடமும் கொடுக்காதீர்கள். பழைய பித்தளை எடைக்குத் தயவுசெய்து போடாதீர்கள். தூசியை மட்டும் துடைத்து, ரீடுப் பலகையைத் திருப்பிப் படம் எடுத்து, வாசித்தவர் பெயரையும் சேர்த்து விளம்பரத்தில் போடுங்கள். நல்ல விலை கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் நல்ல கை கிடைக்கும்.